எல்லாருக்கும் ஒரே குலுக்கல்

நிலவில் குடியேறியவர்களின் ஊரான நிலாக்குடியில் காலைச் சங்கு ஊதியதும் கணினி ஒரு பெயரைக் குலுக்கிப் போடும். பெயர் வந்தவர் கவசம் மாட்டிக்கொண்டு கூரைக்கு வெளியே போய், கதிர்வீச்சில் நின்று, சூரிய மின்தகடுகளின் தூசியைத் துடைக்க வேண்டும். அடிக்கடி போனால் ரத்தம் கெட்டுவிடும். அதனால்தான் குலுக்கல்.

ஊரில் பலர் ஒரு தடவை போனால் கோமகளின் கணவன் அதிவீரன் இரண்டு தடவை போனான். போன வாரம் அவன் ஈறில் ரத்தம் கசிந்தது. "இன்னொரு தடவை போனா உடம்பு தாங்காதும்மா" என்றார் டாக்டர்.

நிரலெழுதும் கோமகள் குலுக்கலின் மூலநிரலைத் திறந்து பார்த்தாள். குலுக்குகிற நிரல்துண்டை, அதாவது செயற்கூறை, முழு எண்ணுக்கு ஒன்று, பின்னத்துக்கு ஒன்று, பட்டியலைக் கலைக்க ஒன்று, பெயர் பொறுக்க ஒன்று என்று ஆளாளுக்கு எழுதித் தொலைத்திருந்தார்கள். பெயர் பொறுக்கும் செயற்கூறு, கணினி எடுக்கும் இருநூற்று ஐம்பத்தாறு எண்களை ஊரின் இருநூறு பேருக்குப் பங்கிட்டது. மிச்ச எண்களெல்லாம் அகரவரிசையில் முன்னால் நிற்பவர்கள் தலையிலேயே மறுபடி விழுந்தன.

"அ-வுல பேரு வச்சது ஒரு குத்தமா? நாசமாப் போறவனுங்க!"

நான்கையும் தூக்கிக் கடாசிவிட்டு 'குலுக்கு' என்று ஒரே செயற்கூறு எழுதினாள். எண்ணைக் கொடுத்தாலும் பட்டியலைக் கொடுத்தாலும் சமமாகக் குலுக்கும். மிச்ச எண் வந்தால் எறிந்துவிட்டு வேறு எடுக்கும்.

ஊர்ச்சபையில் அவள் அதை விளக்கியதும் தலைவர் வேலாயுதராஜ் தலையாட்டினார். "நியாயம்னா எல்லாருக்கும் பொதுதானேம்மா. நாளைக்குப் போறவர் பேரை இதுலயே போடு."

போட்டாள். வேந்தன் என்று வந்தது. தலைவரின் மகன்.

"எம் பையன் பேரு இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லையே! இதுல ஏதோ கோளாறு. கோயில்ல பூக்கட்டிப் பாத்தாகூட மூணு தடவை பாப்போம். மறுபடி போடு."

"வந்தது வந்ததுதாங்க! பிடிக்கலைன்னா மறுபடியா? அப்புறம் என்ன எழவுக்குக் குலுக்கல்?" கோமகள் எழுந்து நின்றாள்.

தலைவர் தானே பொத்தானை அழுத்தினார். அதிவீரன் என்று வந்தது.

"பாத்தியா, இப்பதான் ஒழுங்கா வேலை செய்யுது!" சபை கைதட்டியது. அதிவீரன் நாளைக்கான கவசத்தைச் சரிபார்க்க எழுந்தான்.

"உக்காருங்க!" என்று அவனிடம் கத்தினாள் கோமகள். தலைவரை முறைத்தாள். "மூணு தடவைன்னு நீங்கதானே சொன்னீங்க?" ஓங்கி அழுத்தினாள்.

பூபதி என்று வந்தது. அவன் சபையில் இல்லை. சமையற்கூடத்தில் எல்லாருக்கும் மதியச் சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

தலைவர் மூச்சுவிட்டார். கோமகளும் விட்டாள். நான்காவது தடவை குலுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. புதிய செயற்கூறு ஒருமனதாக ஏற்கப்பட்டது.