புவா கெராஸும் பத்து காவானும்

சுபாஷினிக்குக் கோப்பை வேண்டாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பத்து காவான் ஊருக்குப் போக வேண்டும்.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதலிடம் பெறுகிறவர்கள், சனிக்கிழமை அங்கே நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகலாம். தோழி ஷெரில் இப்போது அங்கேதான் இருக்கிறாள். அவள் அப்பாவின் தொழிற்சாலை வேலை அங்கே மாறியதும், அவளும் பள்ளி மாறிவிட்டாள். இரண்டு வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் பேசலாம்தான். பக்கத்தில் நிற்க முடியுமா?

சோதனையை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். சம்பலுக்கு அரைக்கும் புவா கெராஸ் கொட்டையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்க வேண்டும். மரம் எப்படி வளர வேண்டும் என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறதாம். கொட்டையை இடித்து, உப்பும் சோப்பும் கலந்த நீரில் கரைத்து, வடிகட்டி, மேலே குளிர்ந்த ஸ்பிரிட் ஊற்றினால் வெள்ளை நூலாக வரும் என்றார்கள். வந்ததோ எண்ணெய்.

"முதல்ல டிஷ்யூல வெச்சு எண்ணெய பிழிஞ்சிடலாம் லா" என்றாள் ஷெரில்.

மறுநாள் அவள் போய்விட்டாள். சுபாஷினி தனியாகப் பிழிந்தாள். ஒன்பது டிஷ்யூ. நூல் வந்தது. காட்டத்தான் ஆள் இல்லை.

கண்காட்சியன்று அடுத்த மேசையில் கெல்வின். அவனும் அதே கொட்டையைத்தான் எடுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கொட்டைக்கு எதற்கு ஸ்டெதஸ்கோப் என்று யாரும் கேட்கவில்லை.

மாலையும் கழுத்துமாகச் சிறப்பு விருந்தினர் டத்தோ வந்தார். கெல்வினின் குழாயில் மின்னிய மஞ்சள் படலத்தைப் பார்த்தார்.

"ஆகா! தங்கம் மாதிரி டி.என்.ஏ.! வருங்கால விஞ்ஞானி!" என்று மூன்று கேமராவுக்கு மூன்று முறை சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

சுபாஷினியும் எட்டிப் பார்த்தாள். அது வெறும் எண்ணெய்! தனலெட்சுமி டீச்சர் மதிப்பெண் போட வரும்போது உரக்கச் சொல்லிவிட்டால் போதும், பத்து காவான் அவளுக்குத்தான்.

ஆனால் கெல்வினின் அம்மா போனில் படம் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுபாஷினி கெல்வினிடம் ஒரு டிஷ்யூவை மெல்ல நீட்டினாள். "அந்த மஞ்சள்ல ஒரு சொட்டு வெச்சுப் பாரு."

பளபளவென்று கறை பரவியது.

"எண்ணெயா?" கெல்வினின் குரல் கோட்டுக்குள் போய்விட்டது. "செத்தேன். யார்கிட்டயும் சொல்லாத லா, ப்ளீஸ்."

"நீயே சொல்லு. எனக்கும் முதல்ல இதான் வந்துச்சு. குழாய இங்க கொண்டு வா. உன்னோடது பிழியாதது, என்னோடது பிழிஞ்சது. ஒண்ணா வெச்சாத்தானே வித்தியாசம் தெரியும்?"

"டத்தோ?"

"அவரு கறிபாப் சாப்பிடறாரு."

டீச்சர் வந்ததும் கெல்வின் தொண்டையைச் செருமினான். "டீச்சர், என்னோடது எண்ணெய்."

டீச்சர் இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "காலையிலேருந்து இப்பத்தான் ஒருத்தன் உண்மைய சொல்றான். ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க."

சனிக்கிழமை பாலத்தில் பள்ளி வேன் ஊர்ந்தது. ஷெரிலிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சுபாஷினி மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

மண்டப வாசலில், மூக்கெல்லாம் வியர்க்க, வெயிலிலேயே நின்றிருந்தாள் ஷெரில்.

"ஏன் லா இவ்ளோ லேட்டு?"

"பாலத்துல ஜேம்."

இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்த பேச்சில் முதலில் வெளியே வந்தது அதுதான்.