பன்னிரண்டாவது வால்வு

மோப்பான் அலறியது.

பட்டறைக் கூரையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கருவிக்குப் பெட்ரோல் வாடை துளி எட்டினால் போதும். சிவப்பு விளக்கு சுழன்றது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. கவின் பதறவில்லை. கையிலிருந்த சின்ன டப்பாவின் மூடியைத் திருகிவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"கவின். பழைய வண்டி உரிமம் இருக்கு. ஒரு லிட்டர், அரசு முத்திரை போட்டது. மூடிட்டேன்."

மோப்பான் அவன் முகத்தை ஒரு முறை அலசிவிட்டு அடங்கியது. கதவுகள் திறந்தன. கூட்டாளி ரயான் உள்ளே வந்தான்.

"மறுபடியும் மோந்து பாத்தியா? ஊர்ல அவனவன் பூவ மோந்து பாக்கறான். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் அந்த மோப்பான் உன்னையவே கடிச்சு வெக்கப் போகுது."

கவின் சிரித்துக்கொண்டே டப்பாவை இரும்புப் பெட்டியில் வைத்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த மூடியைத் திறக்காவிட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

பட்டறைக்கு வெளியே அவிநாசி சாலையில் தானோடிகள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. ஓட்டுநர் இல்லை, ஸ்டீயரிங் இல்லை, ஹாரன் இல்லை. உள்ளே, விளக்கின் கீழ், கருநீல பிஎம்டபிள்யூ ஒன்று நின்றது. '3 சீரீஸ்' மாடல், ஆறு சிலிண்டர், முகத்தில் நான்கு வட்ட விளக்குகள். கட்டி எண்பத்தைந்து வருடம் ஆகிறது. துரு தின்ற கதவடிகளை வெட்டிப் புதுத் தகடு வைத்தது, வெடித்த டேஷ்போர்டை ஒட்டியது, கேஸ்கெட்டை வார்த்தது எல்லாம் கவினின் கை.

இந்தத் தொழிலில் அவனுக்குப் பெரிய பெயர். பெயின்ட்டில் நகத்தை ஓட்டியே அடியில் எத்தனை பூச்சு என்பான். கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றி, பிஸ்டன் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவான். நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மதிப்புப் போட்டிருக்கிறான்.

ஆனால் ஒரு வண்டிகூட ஓடி அவன் கேட்டதில்லை.

சட்டம் அப்படி. பெட்ரோல் வண்டிகளை ஒழித்தபோது, ஆசைக்காரர்கள் கதறினார்கள் என்று அரசு ஒரு சலுகை தந்தது. பதிவான ஒவ்வொரு பழைய எஞ்சினுக்கும் ஒரே ஒரு 'எழுப்பு'. ஒரு லிட்டர் பெட்ரோல், ஒரு தடவை ஸ்டார்ட். எஞ்சின் அணைந்ததும் அதிகாரிகள் வந்து சிலிண்டர்களில் பிசின் ஊற்றி இறுக்கிவிடுவார்கள். எழுப்பு மிச்சமிருக்கும் வண்டிக்கு உறங்குவண்டி என்று பெயர், அதற்குத்தான் மதிப்பு. எழுப்பி முடித்தது வெறுங்கூடு. அதை ஓட்டலில் அலங்காரத்துக்கு வைப்பார்கள். அதனால் யாரும் எழுப்புவதில்லை. வாங்குவார்கள், பளபளக்க வைப்பார்கள், கைமாற்றுவார்கள். ஒலிப்பதிவுகள் உண்டு. கவினுக்கு அவை சோற்றைப் படத்தில் பார்ப்பது மாதிரி.

இந்த வண்டி மட்டும் வேறு. கோத்தகிரியில் இருந்த வைஷ்ணவி அம்மாள் பெரிய சேகரிப்பாளர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, கவின் கேட்ட விலைக்கே கொடுத்தார். ஒரே நிபந்தனை: சரி செய்த பிறகு அதைத் தன் வீட்டு வாசலில் எழுப்ப வேண்டும். கவின் கை கொடுத்துச் சத்தியம் பண்ணினான். எழுத்தில் எதுவும் இல்லை.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றான் ரயான். "எழுத்துல இல்ல. வண்டிய வாங்க அந்தச் சென்னைக்காரர் நாளன்னிக்கு வர்றார். குறையில்லாத வண்டின்னு சான்று குடுத்தா, அந்தக் காசுல இந்த வாடகைப் பட்டறை நம்ம பேர்ல ஆயிரும். எழுப்பிட்டீன்னா அதோட எல்லாம் போச்சு. கெழவிக்கு ஒரு ஸ்பீக்கர வாங்கிக் குடுத்துட்டு வா."

பட்டறைக்குக் கவினும் ஆசைப்பட்டவன்தான். அன்று மத்தியானம் அவனே எதிர்பாராமல் வாசலில் ஒரு தானோடி வந்து நின்றது. வைஷ்ணவி அம்மாள் ஊன்றுகோலுடன் இறங்கினார்.

"பாக்கணும்னு தோணுச்சுங்க தம்பி. வந்துட்டேன்."

வண்டியை ஒரு சுற்று வந்தார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைத் தொட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த டிக் டிக் சத்தம் வருமுங்களா?"

கவினுக்குப் பெருமை. "அதெல்லாம் வராதுங்கம்மா! டாப்பெட் சத்தம் அது. பன்னெண்டு வால்வுல பதினொண்ணு கச்சிதம். கடைசி ஒண்ணுதான் லூஸா இருந்துச்சு. அதையும் கரெக்டா வெச்சுட்டேன்."

அம்மாளின் கை கண்ணாடியிலிருந்து இறங்கியது.

"நல்லதுங்க," என்றார். ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றினார். "இந்தச் சட்டம் வந்தப்ப எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு, நல்ல நாள் பாத்து எழுப்பலாம்னு. பொறந்த நாளு, கல்யாண நாளுன்னு தள்ளித் தள்ளி, அவரே போய்ச் சேந்துட்டாரு. சரிங்க தம்பி. எழுப்ப வேண்டாம். யாரு கேக்கறாங்களோ அவங்களுக்கே குடுத்துருங்க."

"ஏனுங்கம்மா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. வேற யாரோட வண்டியோ மாதிரி இருக்குது."

தானோடி அவரை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போயிற்று.

ரயான் விசிலடித்தான். "அவங்களே விடுதலை குடுத்துட்டாங்க. இன்னும் என்னடா யோசன?"

கவின் பானட்டைத் தூக்கினான். வால்வு மூடியைக் கழற்றி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான். பன்னிரண்டாவது வால்வின் நட்டில் ஸ்பானர் பிடித்த தழும்புகள். மற்ற பதினொன்றிலும் ஓரிரு கீறல். இதில் மட்டும் மூலைகளே மழுங்கியிருந்தன. தேய்ந்து தானாக லூஸான வால்வுக்கு இப்படி இருக்காது. ஒவ்வொரு தடவை இறுக்கிய பிறகும் யாரோ அதைத் திரும்பத் தளர்த்தியிருக்கிறார்கள், வேண்டுமென்றே. இதை அன்றே பார்த்தவன்தான் அவன். பழைய மெக்கானிக்கின் மோசமான கை என்று நினைத்துவிட்டான். ஓடும் எஞ்சினைக் கேட்காதவனுக்கு, பழுது என்றால் அளவு தப்பியது, அவ்வளவுதான்.

"ரயான், இடைவெளி அளக்கற கேஜை எடு."

"எதுக்கு?"

"அன்னிக்கு அந்த வால்வு இடைவெளில கேஜோட ரெண்டு தகடு சேந்து உள்ள போச்சு. கை ஞாபகம் வெச்சிருக்கு. அதே அளவுக்கு மறுபடியும் தளத்தப் போறேன்."

"நல்லா இருக்கற வண்டியக் கெடுக்கறதுக்குக் கேஜ் வெச்சு அளக்கறியா? பைத்தியமாடா உனக்கு? சென்னைக்காரர் கையால சுத்திப் பாத்தே கண்டுபுடிச்சிருவார்!"

"அவருக்கு இல்ல இது."

ரயான் அவனை நெடுநேரம் முறைத்தான். பிறகு இரண்டு தகடுகளை உருவி, அவன் உள்ளங்கையில் அறைகிற மாதிரி வைத்தான். "வாடகைப் பட்டறையிலயே சாவோம், வா."

மறுநாள் சாயங்காலம் சுமைத் தானோடி ஒன்று பிஎம்டபிள்யூவைக் கோத்தகிரிக்கு ஏற்றிச் சென்றது. கவின் போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தான்: "அம்மா, வீட்டுக்குள்ளயே இருங்க. வெளிய வந்து நிக்க வேண்டாம்." தேயிலைச் சரிவை ஒட்டிய அந்தச் சின்னத் தெருவை உரிமத்தின் பேரில் மூடியிருந்தார்கள். வண்டியை வளைவுக்கு அப்பால் இறக்கினார்கள்.

கவின் உட்கார்ந்தான். மூன்று பெடல்கள், இரண்டு கால்கள். பல மாதமாகப் பலகையில் பெடல் செய்து பழகியிருந்தும், எது எந்தப் பெடல் என்று குனிந்து ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"அணைச்சுத் தொலைச்சிராத," என்றான் பக்கத்தில் ரயான்.

சாவியைத் திருப்பினான்.

முதலில் ஒரு இருமல். பிறகு ஆறு சிலிண்டரும் ஒன்றாய் எழுந்தன. சத்தம் காதுக்கு வரவில்லை, முதுகுத்தண்டில் ஏறியது. ஸ்டீயரிங் உயிருள்ள ஒன்றின் கழுத்துப் போல் கைக்குள் துடித்தது. அதன் மேலே, கடிகாரத்தைவிட வேகமாக, ஒழுங்காக, டிக் டிக் டிக். ரயான் வாயைப் பொத்திக்கொண்டான். கவினின் கண் நிறைந்து தெரு கலங்கியது. பிறந்ததிலிருந்து இந்த நாற்பத்தைந்து வருடமும், உலகத்தில் இல்லாத ஒன்றுக்கு ஏங்கியிருக்கிறோமோ என்றுகூட அவன் பயந்ததுண்டு. இருந்தது. இதோ இருந்தது.

கிளட்சை விட்டான். வண்டி ஒரு குதி குதித்தது, ரயான் "ஐயோ" என்றான், அணையவில்லை. வளைவில் மெதுவாகத் திரும்பி, தெருவின் கடைசியில் இருந்த நீலக் கேட்டை நோக்கி ஊர்ந்தது. முகப்பு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் முன்னால் போய்க் கேட்டில் விழுந்தது.

கவின் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக் கதவு திறந்தது. வைஷ்ணவி அம்மாள் ஊன்றுகோல் இல்லாமல் வேகமாக வந்தார். தலையை வாரியிருந்தார். கையில் கரித்துணி. கேட்டின் தாழ்ப்பாளை, பார்க்காமலே, பழகிய கையால் நீக்கினார். விளக்கு வெளிச்சத்துக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் குனிந்து பார்க்கவில்லை. லேசான கோபத்துடன் கேட்டார்:

"ஏனுங்க, இன்னிக்கு இத்தன நேரமா? வளைவுல சத்தம் கேட்டதுமே டீய அடுப்புல வெச்சுட்டேன்."