ஜொய்சி கரைத்துக் குடித்த மண்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று மாதாவின் சுருவத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணியாயிற்று. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வேலை முடித்து றெனோல்ட் வீட்டுக்கு வந்தபோது, மாடிப்படியிலேயே கூழ்முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது. தை மாதம். நாலு மணிக்கே இருட்டி, எல்லா யன்னலும் இறுகப் பூட்டிக் கிடக்கிற காலம். முன்வீட்டு மீன் பொரியலும் கீழ்வீட்டுக் கிழவரின் ஈரச் சப்பாத்தும் அந்தப் படிக்கட்டில் மணப்பது வழக்கம்தான். ஆனால் இது தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் குந்திக்கொண்டு, விழுங்க விழுங்கத் திரும்பி வருகிற நாற்றம். குசினிக்குள் போய், பிரிட்ஜைத் திறந்து, முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். எல்லாம் நல்ல முட்டை. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் மூக்கை நீட்டினான். சவர்க்கார வாசம். குப்பை வாளியில் காலையில் போட்ட தேயிலைச் சக்கை மட்டும்.

நாற்றம் படுக்கை அறையிலிருந்து வந்தது.

அங்கே அவன் மனைவி ஜொய்சி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு மல்லாந்து கிடந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். இதற்கு முதல் இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. இந்த முறையாவது தங்கவேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு கதையே இல்லை. அக்கம்பக்கத்து யன்னல்களில் எல்லாம் பனி குவிந்திருக்க, இந்த யன்னல் விளிம்பில் மட்டும் ஒரு பொட்டுப் பனியும் இல்லை. கண்ணாடி உட்பக்கம் வேர்த்து, அந்த வேர்வை கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது.

“ஏனப்பா, ஹீற்றரைக் கூட்டி விட்டனீரே?”

“இல்லை, அதை நூர்த்துப்போட்டன். எனக்குப் புழுங்குது.” சொல்லி முடிக்க வயிற்றுக்குள்ளிருந்து ஒரு ஏவறை வந்தது. நீளமான, ஈரமான ஏவறை. அறை முழுக்கக் கூழ்முட்டை. “என்னை முறைக்காதேங்கோ,” என்றாள். “உங்கட பிள்ளையின்ர வேலை.”

அந்த நாற்றத்தை றெனோல்ட் முன்னமும் முகர்ந்திருக்கிறான்.

புரட்டாதியில், கூட வேலை செய்யும் அனுஜன், “அண்ணை, எங்கட ஊர்க் குன்று, மவுண்ட் றோயல் படியிலயே உங்களுக்கு மூச்சு வாங்குது, சாகமுன்னம் ஒரு உண்மையான மலை ஏறுவம்,” என்று பகிடி பண்ணிப் பண்ணி, அவனை எக்குவடோருக்கு இழுத்துக்கொண்டு போனான். அந்தீஸ் மலைத்தொடரில் இன்னும் அணையாத எரிமலை ஒன்று. சப்பாத்தில் கட்டிய இரும்புப் பற்கள் பனிக்கட்டியைக் கறுக்குக் கறுக்கென்று கடிக்க, இடுப்புக் கயிறு இழுத்த இழுப்புக்கெல்லாம் ஏறி, காற்றில்லாத காற்றை விழுங்கி விழுங்கி, விடிகிற நேரம் விளிம்பை எட்டினார்கள். கீழே மலையின் வாய். ஓரமெல்லாம் சீழ் நிறத்தில் மஞ்சள் பொருக்கு. நடுவிலே வெந்து குழைந்த சேறு கஞ்சி போலக் கொப்பளித்துக் கொப்பளித்து உடைந்தது. அந்த நாற்றம் குடலைப் பிடித்து இழுத்ததில் றெனோல்ட் குந்தியிருந்து, இரவு தின்ற களி முழுவதையும் அதற்குள் சத்தி எடுத்தான். மலை உறுமியது.

“பாவம், அதுக்கும் பசிக்கும்தானே,” என்றான் அனுஜன்.

சந்தையில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, கடலை கொண்டுபோன போத்தலில் விளிம்பிலிருந்த இளஞ்சூட்டுச் சாம்பலை வழித்து அடைத்துக்கொண்டு வந்தான் றெனோல்ட்.

பிழை அங்கேதான். நகரத்தின் மற்றத் தொங்கலில், இல்-பிசாரில் இருக்கிற அக்னெஸ் மாமி ஆவணித் திருநாளுக்கு ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போய், கோயில் மண் கொண்டுவந்திருந்தா. அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் பாம்பு விஷமே இறங்கும், வயிற்றில் பிள்ளையும் நிற்கும் என்பது ஜொய்சியின் விசுவாசம். வாங்கி வரச்சொல்லிக் கெஞ்சியிருந்தாள். அவ்வளவு தூரம் பஸ் ஏறப் பஞ்சிப்பட்டு றெனோல்ட் போகவில்லை. ஒரு நாள் அவள் மேசையில் கிடந்த போத்தலைத் தூக்கி முத்தமிட்டு, “மறக்காமல் வாங்கியந்திட்டீங்கள்,” என்று கண் கலங்கி நின்றபோது, வாய் கூசாமல் “ஓம்” என்றான். ஒரு சிட்டிகைச் சாம்பல் ஆரைக் கொல்லும் என்று இருந்துவிட்டான்.

இப்போது திரும்பிப் பார்த்தான். மாதாவின் சுருவத்தடியில் போத்தல். வெறும் போத்தல். அடிவரை விரல் போன தடம். விளிம்பைச் சுற்றி நாக்குப் போன தடம். காய்ந்த எச்சில்.

“ஜொய்சி. மண் எங்கை?”

“முடிஞ்சுது. முதல் கரைச்சுத்தான் குடிச்சனான். பேந்து தண்ணி தேவைப்படேல்லை.”

சிரித்தாள். பல்லிடுக்கெல்லாம் சாம்பல் களி.

“எழும்பும். ஆஸ்பத்திரிக்குப் போவம். அது மடு மண் இல்லை.”

“எனக்கு எப்பவோ தெரியும். பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, விடுங்கோ. இஞ்சை கை வையுங்கோ. அசையுது.”

வைத்தான். சூடு. அப்போதுதான் இறக்கிய சட்டி போல. தோலுக்கு அடியில் ஏதோ திரண்டு, மெல்ல மேலே வந்து, உடைந்தது. உதை இல்லை. கொப்புளம். இன்னொன்று. உள்ளங்கைக்குக் கீழே, தொப்புளில், ஈரம். விரலிடுக்கால் ஒரு நூல் புகை. பயத்தில் இன்னும் அழுத்தினான்.

“பொத்தாதேங்கோ,” என்றாள். “பிள்ளைக்கு மூச்சு முட்டும்.”

கையை எடுத்தான்.

சாம்பல் கஞ்சி. சத்தமே இல்லை. தொப்புளிலிருந்து விலாவுக்கு. விலாவிலிருந்து விரிப்புக்கு. ஜொய்சி ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தாள். சப்பினாள். மறுபடி வழித்து அவன் உதட்டருகே நீட்டினாள்.

“சூட்டோட.”

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பேந்து, வாய் தன்பாட்டில் திறந்தது.

அவன் குடியிருக்கிற பாக்-எக்ஸில் ஆரைக் கேட்டாலும், அதே மாதாவின் சுருவத்தில் கை வைத்துச் சொல்வார்கள்: றெனோல்ட் இன்றுவரை கலியாணம் கட்டவில்லை.