பதினோராவது நொடிக்குப் பிறகு

பின்னறையின் பூட்டு ஐந்து மாதமாகத் திறக்கப்படாமல் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, சாவியை இரண்டு கையாலும் திருகித்தான் அவன் உள்ளே போனான்.

வெளியே காலை பத்து மணி வெயில். உள்ளே இருட்டு. திரையில் நிறம் பிசகாமல் தெரியவேண்டுமென்று ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியவன் அவன்தான். எட்டு வருடம் அந்த அறையில் உட்கார்ந்து ஊரார் வீட்டுச் சந்தோஷங்களை வீடியோவாக வெட்டி ஒட்டிக் கொடுத்திருக்கிறான். மனைவி இறந்துபோன பிறகு, வந்த வேலைக்கெல்லாம் முடியாது என்றான். பிறகு யாரும் கேட்கவில்லை.

நாற்காலியைத் தட்டினான். தூசி எழுந்தது. கூடவே வேறு ஒரு வாடை. தரை துடைக்கும் மருந்தின் வாடை. அவள் ஒன்பது நாள் கிடந்த ஆஸ்பத்திரி வார்டிலும் இதேதான் அடித்தது. பூட்டிய அறை அப்படித்தான் நாறும் என்று நினைத்துக்கொண்டான்.

"மாமா!" கூடத்திலிருந்து மனைவியின் தங்கை கத்தினாள். விடியற்காலை வந்து இறங்கியவள். "உங்களுக்குப் பேச்சு வருமா, இல்ல அதையும் எக்ஸ்போர்ட் பண்ணித்தான் எடுக்கணுமா? குட்டிக்கு எத்தனை கவுன் எடுத்து வைக்கட்டும்?"

"எல்லாத்தையும் வை."

"எல்லாத்தையும்னா? திரும்பி வரமாட்டாளா அவ?"

நாலு மணி ரயிலில் மகள் குட்டி, சித்தியோடு போகிறாள். அவனால் குழந்தைக்குத் தலைவாரிவிட முடிகிறது, சோறூட்ட முடிகிறது, பேசத்தான் முடியவில்லை. நாலரை வயதுப் பிள்ளை சுவரோடு பேச ஆரம்பித்த பிறகு அவனே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டான், கூட்டிட்டுப் போ என்று.

போவதற்குள் ஒன்றே ஒன்றைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். போன வாரம் குட்டி கேட்டாள்: "அம்மா எப்பிடிப்பா பேசுவா? எனக்கு மறந்துபோச்சு."

குட்டியின் பிறந்தநாளுக்காகப் போன வருடம் மூன்று நிமிட வீடியோ ஒன்றைச் செய்து வைத்திருந்தான். கடைசிக் கோப்பாக வெளியே எடுப்பதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதில் நிறையப் புகைப்படங்கள். நடுவில் பதினோரு நொடி மட்டும் அவள். பூப்போட்ட நீல உடையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். நிமிர்ந்து, சிரித்து, "குட்டி, வா. அம்மாகிட்ட வா" என்பாள். அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பதினோரு நொடியில்தான்.

கணினியில் அந்த வீடியோ வேலையைத் திறந்தபோது, காணாமல்போன கோப்பு பற்றித் திரையில் ஏதோ ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. படிக்காமல் மூடினான். எடிட்டர்கள் எல்லாரும் அப்படித்தான் மூடுவார்கள்.

வலதுபக்க மானிட்டரில் படம் தடங்கலில்லாமல் ஓடியது. அவள் நிமிர்ந்தாள், சிரித்தாள், கூப்பிட்டாள். கோப்பாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட்டை அழுத்தினான்.

அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது.

மறுபடி. அறுபத்து மூன்று. வேறு வடிவத்தில் எடுத்தான். அறுபத்து மூன்று. படத்தைப் பாதியாக வெட்டி, நிற்கிற பாதியை மறுபடி பாதியாக்கி, தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தான். கடைசியில் கோளாறு அந்தப் பதினோரு நொடியில் வந்து நின்றது. மற்றதெல்லாம் வெளியே வந்தது. அவள் மட்டும் வரவில்லை.

பழைய சிநேகிதனுக்குப் போன் போட்டான். ஊரில் கெட்டுப்போகும் எடிட்டிங் மெஷினுக்கெல்லாம் அவன்தான் வைத்தியம். டாக்டர் என்றே பெயர்.

"உயிரோடதான் இருக்கியாடா?" என்றான் டாக்டர். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். "சரி விடு. நோய் என்ன?"

சொன்னான்.

"மானிட்டர்ல ஒழுங்கா ஓடுதுல்ல? அதை நம்பாதே. அது ஓட்டிக் காட்டறதுக்காகச் செஞ்சு வச்ச பழைய நகல். எக்ஸ்போர்ட் பண்ணும்போதுதான் மூலத்தைத் தேடிப் போகும். அந்த நகலெல்லாம் சேர்ந்து கிடக்கிற கேஷ் மொத்தத்தையும் அழிச்சிடு. மெஷினுக்கு முதல் மருந்து அணைச்சுப் போடறது, ரெண்டாவது மருந்து கேஷை அழிக்கறது, மூணாவது மருந்து வேற மெஷின் வாங்கறது."

ஆயிரம் தடவை செய்த வேலை. கை தானாகப் போய் அழித்தது.

அழித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவள் போன நாலாம் நாள், பார்க்கச் சகிக்காமல், மூலக் காட்சிகள் இருந்த டிஸ்க்கை அவனே துடைத்து வெறுமையாக்கியிருந்தான். மானிட்டரில் ஓடிய அந்த நகல்தான் கடைசி. அதையும் இப்போது அவன் கைதான் அழித்தது.

"என்னடா, சத்தத்தையே காணோம்?" என்றான் டாக்டர்.

"ஒண்ணுமில்ல." போனை வைத்தான். அழுகை வரும் என்று பார்த்தான். வரவில்லை.

மானிட்டர் கறுத்தது. அடுத்து, கோப்பு கிடைக்கவில்லை என்ற சிவப்பு அட்டை வரவேண்டும்.

அவள் வந்தாள்.

அதே ஜன்னல், அதே நீல உடை. துணி மடித்தாள், நிமிர்ந்தாள், சிரித்தாள். "குட்டி, வா. அம்மாகிட்ட வா."

எங்கோ ஒரு நகல் தப்பியிருக்கிறது என்று நினைத்தான். அப்புறம்தான் நொடி காட்டும் எண்ணைப் பார்த்தான்.

எண் நகரவில்லை. சுழியத்தில் நின்றிருந்தது.

பதினோராவது நொடியில் அவன் தன் கையால் வெட்டிய இடம் வந்தது.

படம் வெட்டுப்படவில்லை.

அவள் குனிந்து அடுத்த துணியை எடுத்தாள். கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்போனில் துணி உதறும் சத்தம் முதலில் வந்தது. அரை நொடி கழித்துத்தான் கை உதறியது. நீல உடை இல்லை இப்போது. வார்டில் கட்டிவிட்ட பச்சை அங்கி. மணிக்கட்டில் எண் எழுதிய பிளாஸ்டிக் பட்டை.

மடியில் இருந்தது ஒரு மஞ்சள் கவுன். வாத்து வடிவப் பொத்தான்கள்.

அதைத் தங்கை இன்று காலைதான் குட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

திரையில் அவள் அதை மடித்து ஒரு பைக்குள் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பாவாடை. சட்டை. குட்டியின் சிவப்பு ஸ்வெட்டர். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

"குட்டியை எங்கே கூட்டிட்டுப் போறே?" என்றான். தன் குரல் என்றே தெரியவில்லை.

அவள் நிமிர்ந்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடிட் செய்தபோது நூறு தடவையாவது ஓட்டிப் பார்த்தவன் அவன். உதடு எங்கே பிரியும், கண் எங்கே சுருங்கும் என்று தெரியும். அதே சிரிப்பு, அணுவளவும் மாறாமல். குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி அதே சிரிப்பு. முகத்தில் வைத்துக்கொள்ள அவளிடம் வேறொன்றும் இல்லை.

"குட்டி, வா. அம்மாகிட்ட வா."

கூடத்தில் சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம்.

"வர்றேம்மா!"

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். குட்டி படுக்கையறை நடுவில், பையின் பக்கத்தில், அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள். யாரோ பேசுவதைக் கேட்டுத் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினாள். அவன் வாரித் தூக்கினான்.

தங்கை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்தாள். பையை எட்டிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே மாமா! நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அடுக்கிட்டீங்க? கையை உள்ளே மடக்கி, அக்கா மடிக்கிற மாதிரியே…" சொல்லிக்கொண்டே வந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"டாக்ஸி கூப்பிடு. இப்பவே."

"மணி பன்னெண்டரைதான் ஆகுது. ரயில் நாலுக்கு."

"ஸ்டேஷன்ல போய் உக்காரு."

"விரட்டறீங்களா?"

"ஆமா."

அவள் கண் கலங்கியது. என்ன சொல்லுவான்? இந்த வீட்டில் இவள் அக்கா இருக்கிறாள் என்றா?

"அம்மா வீடியோ எங்கப்பா?" என்று குட்டி கேட்டாள்.

"கெட்டுப்போச்சுடா."

"இல்லப்பா," என்றாள் குட்டி. சின்னவர்களுக்குப் புரியவைக்கும் பெரியவர்களைப்போல, பொறுமையாக.

டாக்ஸி வந்தது. சித்தியும் குட்டியும் ஒரு பக்கமாக ஏறினார்கள். டிரைவர் மறுபக்கக் கதவையும் திறந்து, ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சாத்தினார். அவனுக்கு அப்போது அது உறைக்கவில்லை. தெருமுனையில் வண்டி திரும்பும்வரை நின்று பார்த்தான். பிள்ளை தப்பித்தது என்ற ஒரே நினைப்புத்தான்.

பின்னறைக்குத் திரும்பினான். இனி அவளும் அவனும்தான். அதற்கு அவன் தயாராகவே இருந்தான்.

மானிட்டரில் ஜன்னல் இருந்தது. வெயில் இருந்தது. நாற்காலி காலி.

மடிக்கத் துணி எதுவும் மிச்சமில்லை. பையும் இல்லை.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் அணைந்து, சிவப்பு அட்டை வந்தது. கோப்பு கிடைக்கவில்லை. மருந்து வாடைகூடப் போய்விட்டிருந்தது. அறையில் தூசி வாடை மட்டும். டிரைவர் பிடித்துக்கொண்டு நின்ற கதவு அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

தங்கையின் எண்ணுக்கு அடித்தான். எடுக்கவில்லை. கோபம் போலிருக்கிறது. பதினேழு தடவை அடித்தான்.

ஐந்தரைக்கு அவளே கூப்பிட்டாள். ரயில் ஓடும் சத்தம். குரலை ரொம்பத் தணித்துப் பேசினாள்.

"மாமா, குட்டி ஜன்னலோரம் உக்காரவே மாட்டேன்னுட்டா. அந்த சீட்டைக் காலியா விட்டுட்டு நடுவுல உக்காந்தா. யார் வந்தாலும் 'ஆள் இருக்கு'ன்னு சொல்லி அனுப்பிடறா."

"இப்ப என்ன பண்றா?"

"தூங்கறா. அந்தக் காலி சீட்டுப் பக்கமா சாய்ஞ்சு தூங்கறா."

"எழுப்பு. எழுப்பி உன் மடியில போட்டுக்கோ."

அதற்கு மேல் அவள் பேசியது காற்றாகத்தான் வந்தது.

"தொடப் பயமா இருக்கு மாமா. தலை அந்தரத்துல சாய்ஞ்சிருக்கு. கீழ ஒண்ணுமே இல்ல."