உபயம்: வேதாச்சலம் குடும்பத்தார்

"ஐயோ... சிரிக்கிறாங்க! இவங்களும் சிரிக்கிறாங்க!"

நர்ஸ் தாட்சாயணியின் அலறல் வார்டையே உலுக்கியது.

மூன்றாம் கட்டில். மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்த கங்கம்மா. முகத்தில் காஸ் மாஸ்க். அதற்குள்ளே... சிரிப்பு!

உதடு நீலமானது. கண் செருகியது. சிரிப்பு அடங்கியது.

கங்கம்மாவும் அடங்கிவிட்டாள்!

பத்து நாளில் இரண்டாவது சாவு. போன வாரம் நெசவாளி சின்னசாமி. இதே கட்டில். இதே சிரிப்பு!

"சிரிக்கிற பேய்டா! எழுந்திரு, ஊட்டுக்குப் போய்டலாம்!"

பகல் பதினோரு மணிக்கே நோயாளிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். நடக்க முடியாதவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே இருந்தது அந்தப் பொது ஆஸ்பத்திரி. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று கோடு கிழித்துக்கொண்டிருந்த வருஷம். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் போனாலும் கொடுத்தவர் யார் என்பது தெரிய வேண்டும் என்று, பெரிய மிராசுதார் வேதாச்சலம் தான் தானமாகக் கொடுத்த கட்டில், ஸ்டூல், மருந்து அலமாரி, எட்டு காஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார். அதன்மேல் தமிழிலும் தெலுங்கிலும் சிவப்பு எழுத்து: 'உபயம்: வேதாச்சலம் குடும்பத்தார்'.

குடும்பப் பெயர் இலேசான விஷயமல்ல. நான்கு தலைமுறை கட்டிக் காத்தது. வெள்ளிக்கிழமை மந்திரி வந்து வார்டை முறைப்படித் திறந்துவைக்க வேண்டும்.

அதற்குள் இரண்டு பிணம்!

ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் கோவர்த்தனன் இறங்கினார். பின்னாலேயே கான்ஸ்டபிள் முனிசாமி.

வேதாச்சலம் வாசலிலேயே மறித்தார். ஆறடி உயரம். விறைத்த முதுகு.

"எஸ்.ஐ. சார், அந்த நர்ஸ இப்பவே புடிச்சிக்கினு போங்க. ரெண்டு பேருக்கும் மாஸ்க் போட்டவ அவதான். எதையோ கலந்துட்டா!"

தாட்சாயணி ஓடி வந்தாள். "நா ஒண்ணும் கலக்கல சார்... ஆக்சிஜன்தான் போட்டேன்... சாமி சத்தியமா..."

"டாக்டர் எங்கம்மா?"

"பழையவரு பாகாலாவுக்கு மாத்தலாய்ட்டாரு. புது டாக்டர் நேத்துதான் வந்தாரு. இன்னிக்கி மீட்டிங்னு சித்தூர் போய்க்கீறாரு."

"எட்டும் ஆக்சிஜன்தானா?"

"இந்தப் பெரியவருதான் அப்பிடிச் சொன்னாரு சார். ஆபரேசன் ரூமே இன்னும் தொறக்கல. வேற காஸ் எதுக்கு வரப் போவுது?"

"எல்லாம் ஆக்சிஜன்தான்!" வேதாச்சலம் கர்ஜித்தார். "எங்க ஊட்டுப் பேரு போட்ட பொருள்ல குத்தம் இருக்காது. குத்தம் இவ கையில கீது. வெலங்கப் போடுங்க!"

முனிசாமி விலங்கை எடுத்தான். தாட்சாயணி அப்படியே சுவரோடு சரிந்தாள்.

"ஊட்டுல அம்மாவுக்குக் கண்ணு தெரியாது சார்... நா இல்லன்னா கஞ்சி ஊத்தக்கூட ஆளு இல்ல..."

கோவர்த்தனன் மூன்றாம் கட்டிலை நோக்கி நடந்தார். ஜீப் சாவியால் கங்கம்மாவின் கட்டிலருகே நின்ற சிலிண்டரைச் சுரண்டினார். மஞ்சள் உரிந்தது.

அடியில்... நீலம்!

பக்கத்து சிலிண்டரைச் சுரண்டினார்.

கறுப்பு!

"முனிசாமி, வெலங்க உள்ள வை. நா தபாலாபீஸ் போயி மெட்ராஸுக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டுட்டு வரேன். அதுவரைக்கும் இங்கேர்ந்து யாரும் நகரக் கூடாது."

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். முனிசாமியைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொல்லி ஜீப்பில் அனுப்பினார்.

இரண்டு மணி. ஜீப் தடதடவென்று வந்தது. ஒரு ஸ்ட்ரெச்சர். முகம் முழுக்கக் கட்டு. மூச்சு இழுத்தது... விட்டது... இழுத்தது.

"பெரியவரே... மனச தேத்திக்கோங்க." கோவர்த்தனனின் குரல் தாழ்ந்தது. "ரேணிகுண்டா ரயில்வே கேட்டாண்ட பஸ் கவுந்துடுச்சி. உங்க பையன் சிட்டிபாபு..."

"என்னாது?"

"திருப்பதியிலேர்ந்து வந்துக்கினு இருந்தாராம். இப்பவே காஸ் வெச்சாத்தான் உசுரு தங்கும். தாட்சாயணி, போடும்மா!"

"எ... எந்த சிலிண்டர் சார்?"

"அதோ, உன் பக்கத்துல கீறது. எல்லாம் ஒண்ணுதான்னு பெரியவரே சொல்லிட்டாரே!"

தாட்சாயணி இழுத்தாள். மஞ்சள் சிலிண்டர் கிறீச்சிட்டு நகர்ந்தது. அதன் கழுத்தில், பெயிண்டுக்கும் மறையாமல், இரும்பில் குத்திய எண். 217.

வேதாச்சலத்தின் பார்வை அந்த எண்ணில் ஒட்டிக்கொண்டது. நெற்றியில் வேர்வை.

மாஸ்க் முகத்தில் அமர்ந்தது. தாட்சாயணியின் விரல்கள் திருகில்...

ஒரு பக்கம் நான்கு தலைமுறைப் பெயர். இன்னொரு பக்கம் ஒரே மகன்!

"திருகாத!"

வேதாச்சலம் பாய்ந்து அவள் கையைத் தட்டினார்.

"217 வேணாம்! 218ம் வேணாம்! 64 கீது பாரு... அத எடு! சீக்கிரம்!"

தாட்சாயணி திருகிலிருந்து கையை எடுத்தாள்.

"64தான் ஆக்சிஜன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் பெரியவரே?" கோவர்த்தனன் மெதுவாகக் கேட்டார்.

வேதாச்சலத்தின் முதுகு முதல் முறையாக வளைந்தது.

"கடுதாசி வந்துச்சி... கம்பெனிக்காரன் எழுதினான். ரெண்டு சிலிண்டர்ல மயக்க காஸ், மோந்தா சிரிப்பு வருமாம். ஆபரேசன் ரூமுக்குன்னு பழைய டாக்டர் கேட்டதாம். அது நீலக் கலரு, ஆக்சிஜன் கறுப்பு, தனியா வைங்கன்னு நம்பரோட..."

"எப்ப வந்துச்சி?"

"சின்னசாமி செத்த மறுநாளு."

"அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா கங்கம்மா உசுரோட இருந்திருப்பாங்க. இந்தப் பொண்ணத் தூக்குக்கு அனுப்பவும் பாத்தீங்களே!"

"வேதாச்சலம் ஊட்டுப் பெயிண்டு ஆளக் கொன்னுச்சின்னு ஊரு பேசாதா? மந்திரி வந்துட்டுப் போனதும் நானே சத்தமில்லாம மாத்திடலாம்னு..." கோவர்த்தனனின் கையைப் பிடித்தார். "அதெல்லாம் அப்புறம் பேசலாம் சார்! எம்புள்ளைய காப்பாத்துங்க!"

"உங்க புள்ள திருப்பதியில சாப்பிட்டுட்டுப் படுத்துக்கினு இருக்காரு. தபாலாபீஸ்லேர்ந்தே போன்ல பேசிட்டேன்."

"அப்ப... இது?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். மாஸ்க்கைப் பிய்த்து எறிந்து கட்டை அவிழ்த்தான். கான்ஸ்டபிள் முனிசாமி!

"சார், நெஜமாவே 217ஐத்தானா வெக்கச் சொன்னீங்க? நா பயத்துல பாதி செத்துட்டேன்!"

"ட்ரங்க் கால்ல கம்பெனிக்காரன் நம்பரையும் சொன்னான், இவருக்குக் கடுதாசி போட்டதையும் சொன்னான்யா. வேற எத வெச்சாலும் இவரு வாயத் தொறந்திருக்க மாட்டாரே!"

தாட்சாயணி முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். விலங்கு வேதாச்சலத்தின் மணிக்கட்டில் பூட்டிக்கொண்டது.

"சார்... எங்க ஊட்டுப் பேரு..."

"கவலப்படாதீங்க பெரியவரே. எஃப்.ஐ.ஆர்.ல மொதல் வரியே உங்க பேருதான். மை சர்க்கார் உபயம்!"