ஈரம் காயாத முகம்

முந்தின நாள் சாயங்காலம் சிற்பி பார்த்துப் பார்த்துத் திரட்டி வைத்த கன்னம், காலையில் குழி விழுந்து கிடந்தது.

ஈரத்துணியை விலக்கியவர் அப்படியே நின்றார். களிமண் காயக் காயச் சுருங்கும்தான். ஆனால் ஒரு கன்னத்தை மட்டும் யாரோ உள்ளிருந்து உறிஞ்சியதுபோல் சுருங்காது. இரும்புக் குழாயில் கம்பி சுற்றி, அதன்மேல் அவர் பூசியிருந்த அந்தத் தலை அவருடைய அம்மாவின் தலை. அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

அவர் பிழைக்க வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் அடுக்குமாடிச் சுவர்களுக்கு வர்ணம் அடித்தார். அப்புறம் கடைகளின் பெயர்ப்பலகை, அப்புறம் பணக்காரர்களின் முகங்கள் எண்ணெய் வண்ணத்தில். இப்போது பூங்காக்களில் நிற்கும் வெண்கலச் சிலைகளில் அவர் பெயர் இருக்கிறது. ஊரார் முகத்தையெல்லாம் செய்த மகானுக்குப் பெற்றவள் முகத்தைச் செய்ய நேரம் கிடைக்கவில்லை. இப்போது நேரம் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்தது மூன்று மாதமாக எந்த மேஜையிலோ உறங்குகிறது. போய்ப் பார்க்க முடியாதவர் கையாலாவது தொடலாம் என்று மண்ணைப் பிசைந்தார்.

கன்னத்தில் மண்ணை அப்பிச் சரிசெய்தார். மதியம், ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, அம்மா இன்னைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டாங்க. கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சுல்ல, இப்போ பரவாயில்ல."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சிரித்துக்கொண்டார்.

வார்ப்புப் பட்டறையில் இரண்டு நாள் வேலை இழுத்துவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, எப்போதும் மண்ணும் டர்பன்டைனும் மணக்கும் அந்த அறையில் மாத்திரையும் வியர்வையும் கலந்த ஒரு நோயாளியின் வாடை புழுங்கிக்கொண்டிருந்தது. துணி காய்ந்து விறைத்திருந்தது. அதை உரித்தார். உதடுகள் பிளந்திருந்தன.

"உதடெல்லாம் வெடிச்சு ரத்தம் வருதுண்ணா," என்றாள் தங்கை அன்று.

ஓடிப்போய்த் தண்ணீரைத் தெளித்தார். போதவில்லை என்று ஊற்றினார். துணியை நனைத்து நனைத்துச் சுற்றினார். ராத்திரி முழுக்க அது தரையில் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

விடிந்ததும் போன்.

"நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சாம்ணா. மூச்சு விடவே முடியல."

நனைத்தால் மூழ்குகிறாள். காயவிட்டால் வெடிக்கிறாள். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாரிடம் சொல்ல? சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் துணியை அவிழ்த்தார்.

ஊறிப்போன மண் கம்பியை விட்டு நழுவியது.

பாய்ந்து பிடித்தார். இரண்டு கையாலும். கழுத்தோடு.

விட்டால் விழும். இறக்கி வைத்தால் குழைந்துவிடும். அப்படியே நின்றார்.

மேஜையில் போன் அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அண்ணா!" தங்கை அலறினாள். "அம்மா கழுத்துல விரல் தடம் பதியுதுண்ணா! ரூம்ல நான் மட்டும்தான் இருக்கேன். யாரும் தொடல!"

கையைத் தளர்த்தினார். தலை சரிந்தது. மறுபடி இறுக்கினார்.

"கண்ணு முழிச்சுட்டாங்க. உன்னைத்தான் கூப்பிடுறாங்க."

"என்ன... என்ன சொல்றாங்க?"

"'விடுடா கண்ணா, வலிக்குது'ங்கிறாங்க."

அவர் விடவில்லை. விட முடியவில்லை. அவருடைய பெருவிரல்களுக்கு அடியில், குளிர்ந்த மண்ணுக்குள், ஒரு தொண்டை மெல்ல எச்சில் விழுங்கியது.