டார்ப்ளி வீட்டுப் படுக்கை விரிப்பு

பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்குப் போகும்படி அம்மா சொல்லியிருந்தார். வெர்லீனோ நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடையின் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

அம்மா ஐடெல்லா, தெருவின் அந்தப் பக்கம், நீதிமன்ற வாசலில் வரிசையில் நின்றார். ஓட்டுப் போடப் பெயரைப் பதிய வந்தவர்களின் வரிசை அது. எல்லோரும் கறுப்பின மக்கள். அலபாமாவின் அந்தச் சிற்றூரில் அவர்கள் பெயர் பதிவது வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது. அதனால் உள்ளே இருந்த அதிகாரி வேண்டுமென்றே ஆமை வேகத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சாயங்காலம் கதவை மூடிவிட்டால், காலையிலிருந்து நின்றதெல்லாம் வீண்.

"வரிசைய விட்டு நகர்ந்தா மறுபடி நிக்க முடியாது!" என்று போலீஸ்காரர் டார்ப்ளி கத்தினார். "இவங்க கிட்ட யாரும் வரக் கூடாது, பேசக் கூடாது, எதையும் குடுக்கக் கூடாது!"

சும்மா சொல்லவில்லை அவர். சற்று முன்பு தண்ணீர் கொண்டுவந்த ஒரு கல்லூரி மாணவரைத் தடியால் அடித்து வண்டியில் ஏற்றியிருந்தார்கள். கொட்டிய தண்ணீர் இன்னும் நடைபாதையில் காயவில்லை.

மேற்கே சாய்ந்த வெயில் அம்மாவின் முகத்தில் நேராக அடித்தது. அம்மா தள்ளாடினார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா மயக்கம் போட்டுடுவாங்க போலிருக்கே" என்றான் பக்கத்து வீட்டு ராஸ்கோ.

"வாய மூடுடா!"

விழுந்தால் வரிசையை விட்டு இழுத்துப் போட்டுவிடுவார்கள். வெர்லீனுக்கு அழுகை முட்டியது. கிட்டே போகவும் முடியாது, பேசவும் முடியாது. என்னதான் செய்வது?

அப்போதுதான் தன் பாதங்கள் மட்டும் சுடவில்லை என்பதைக் கவனித்தாள். தூணின் நிழல் அவற்றின் மேல் விழுந்திருந்தது.

"ராஸ்கோ, வாடா என் கூட!"

அம்மா வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுப்பவர். இருவரும் வெர்லீன் வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே கூடை நிறைய இஸ்திரி போட்ட துணி இருந்தது. வெர்லீன் மேலே இருந்த பெரிய விரிப்பை இழுத்தாள். துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்கும் நீளக் கம்புகள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

ராஸ்கோ பின்வாங்கினான். "எனக்கு வெள்ளை விரிப்பப் பாத்தாலே பயம்." இரவில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வந்து கறுப்பின மக்களின் வீடுகளைக் கொளுத்தும் வெள்ளைக்காரர்களை அந்த ஊரில் எந்தக் குழந்தை மறக்கும்?

"எனக்கும்தான் பயம். ஆனா இது படுக்கிற விரிப்பு. கம்பப் பிடி!"

நீதிமன்றத்துக்குத் திரும்பி ஓடினார்கள். தெருவோரத்தில், வரிசையிலிருந்து தள்ளி நின்று, விரிப்பின் முனைகளைக் கம்புகளில் கட்டி உயர்த்தினார்கள். நிழல் நடைபாதையைத் தாண்டிப் போய் அம்மாவின் மேலும் பக்கத்தில் நின்றவர்கள் மேலும் விழுந்தது. அம்மா கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்ததும் பதறிப்போனார். பேசக் கூடாதே. போ, போ என்று தலையை மட்டும் அசைத்தார்.

டார்ப்ளி தடியோடு வந்தார். "என்ன கூத்து இது?"

வெர்லீன் கம்பை விடாமல் பிடித்துக்கொண்டாள். "நாங்க... கிட்ட போகலைங்க, ஐயா. பேசல. எதையும் குடுக்கல."

"அப்ப இது என்ன?"

"நிழலுங்க, ஐயா."

வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். டார்ப்ளியின் கழுத்து சிவந்தது. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனார். அந்த மூலையில் நீல நூலில் ஓர் எழுத்தும், சுற்றிலும் சின்னச் சின்னப் பூக்களும் தைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும்தான் வெர்லீனுக்குப் புரிந்தது. அவசரத்தில் போயும் போயும் எந்த வீட்டு விரிப்பை எடுத்திருக்கிறாள்!

"ஐயா, கிழிச்சிடாதீங்க! இது... இது உங்க வீட்டு விரிப்பு. உங்க கல்யாணத்துக்கு உங்க தாயார் கையால பூப்போட்டதாமே? ஒரு கசங்கல் இருந்தாலும் உங்க வீட்டம்மா எங்கம்மாவ உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

டார்ப்ளியின் கை அப்படியே நின்றது. வரிசையில் இப்போது இருமல் அதிகமாகிவிட்டது.

"இப்படிக் குடு!"

வெர்லீன் அவிழ்த்து, மூலைக்கு மூலை சேர்த்து, அம்மா மடிப்பதுபோலவே மடித்து அவர் கைகளில் வைத்தாள். இரண்டு கைகளாலும் ஏந்தவேண்டியிருந்ததால் அவர் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். வெயில் மறுபடியும் அம்மாவின் மேல் விழுந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் வெர்லீன். திரும்பிப் பார்த்தால் ராஸ்கோவையும் காணோம்.

"பயந்தாங்கொள்ளி, ஓடிட்டான்" என்று முணுமுணுத்தாள்.

ஓடித்தான் போயிருந்தான், ஆனால் தனியாகத் திரும்பவில்லை. அவர்கள் குடியிருக்கும் தெருவில் பாதி அம்மாக்கள் துணி துவைக்கிறவர்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு விரிப்போடும் கம்புகளோடும் வந்தார்கள்.

"இது நீதிபதி வீட்டுதுங்க, ஐயா" என்றாள் ஒரு சிறுமி.

"இது உங்க பெரிய அதிகாரி வீட்டு மேசை விரிப்பு" என்றான் ராஸ்கோ, மூச்சு வாங்க. "பாத்துத் தொடுங்க!"

டார்ப்ளி தொடவே இல்லை.

வெர்லீனின் கம்புகளிலும் வேறொரு விரிப்பு ஏறியது. வரிசை நெடுகிலும் நிழல் விழுந்தது. வரிசை அடி அடியாக நகர, நிழலும் கூடவே நகர்ந்தது. கதவை மூடுவதற்குச் சற்று முன்பு, "அடுத்தது!" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. அம்மா உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வெர்லீனுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பயமான நேரம். உள்ளே என்ன கேட்பார்கள்? என்ன செய்வார்கள்? கம்பைப் பிடித்த கைகள் வலித்தும் அவள் இறக்கவில்லை.

கடைசியில் அம்மா வெளியே வந்தார், விரல்களில் மைக்கறையோடு.

"விண்ணப்பத்த எழுதிக் குடுத்துட்டேன். பட்டியல்ல சேத்துக்கலேன்னா மறுபடி வருவேன்" என்றார். பிறகு மகளை இறுக அணைத்துக்கொண்டார். "நாளைக்கு எவளும் எனக்குத் துவைக்கத் துணி போடமாட்டா, தெரியுமாடி? பயமா இருந்துச்சா?"

"ரொம்ப."

"எனக்கும்தான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். டார்ப்ளி இன்னமும் அந்த விரிப்பை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, புழுதி படாமல் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.